கட்சிப் பெயரில்லா வாக்குச்சீட்டு

புயல் அழித்த ஒரு பட்டினம் புதியதொரு நகராட்சி முறைக்குத் தாயகமாயிற்று என்றால் வியப்புத் தோன்றலாம். ஐக்கிய அமெரிக்காவில், ரெக்சாஸ் மாநிலத்தின் கரையோரத் தீவில் அமைந்த கல்வெஸ்ரன் நகரே அது. 1900ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8ஆந் திகதி வீசிய சூறாவளியில் அங்கு மாண்டோர் தொகை 6000 முதல் 8000 வரை எனக் கணிக்கப்படுகின்றது.

சிதைந்த நகரைப் பழைய சபையைக் கொண்டு மீட்க இயலாதெனக் கருதிய வணிகப் பெருமக்கள், ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றை வேண்டினர். 1901இல் அது அமைந்தது. நம் நாட்டில் மாநகர ஆணையாளர் என்போர் நியமனம் பெற்ற உத்தியோகத்தர். அங்கோ, 1903 முதல் ஐவரும் மக்களாலேயே தெரிவு செய்யப்பட்டனர். ஒருவர் தலைவர், ஏனைய நால்வரும் நிதி, காவலும் தீயணைப்பும், நீரும் வடிகாலும், தெருக்களும் பொதுச் சொத்தும் எனப் பகுதிக்கொருவராய்ப் பொறுப்பேற்றனர். விதி வகுப்போரும் அவரே, நடத்துவோரும் அவரே. 1904இல் கடற்சுவர் எழுந்தது. நிலமும் மணலிட்டு உயர்த்தப்பட்டது. 1915இல் மறுபடியும் பெரும்புயல் வந்தபோது அச்சுவர் நகரைக் காத்தது.

அயோவா மாநிலத்து டி மொயின் நகர் 1907இல் இம்முறையை மேற்கொண்டு, மற்றுமோர் அடி முன்வைத்தது. வாக்குச்சீட்டிலிருந்து கட்சிப் பெயரை நீக்கியது. தவறிய உறுப்பினரை இடையிலே திருப்பியழைக்கும் உரிமையையும் மக்களுக்கு அளித்தது. தெருவுக்குக் கல்லிடுவதிலும் குழாயில் நீர் விடுவதிலும் கட்சிக்கு என்ன வேலை என்பதே அந்நகரத்தார் எழுப்பிய வினா. 1920ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 500 நகரங்கள் ஆணைக்குழு ஆட்சியை ஏற்றிருந்தன.

ஆயினும், இம்முறையில் ஒரு குறை மறைந்து கிடந்தது. வட்டாரங்கள் ஒழிந்து நகர் முழுதும் ஒரே தொகுதியானபோது, பெரும்பான்மையோர் எல்லா ஆசனங்களையும் பெறுதல் எளிதாயிற்று. அலபாமா மாநிலத்து மோபீல் நகரில் 1911 முதல் மூவர் ஆணைக்குழு ஆண்டது. குடிகளில் மூன்றிலொரு பங்கினர் கறுப்பின மக்களாயிருந்தும், அவருள் ஒருவரேனும் அக்குழுவுக்குத் தெரிவாகவில்லை. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. பாகுபாடு காட்டும் நோக்கம் நிரூபிக்கப்படல் வேண்டுமென 1980இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. 1982இல் அமெரிக்கப் பாராளுமன்றம் வாக்குரிமைச் சட்டத்தையே திருத்தி, விளைவை நோக்கினாற் போதும் என விதித்தது. 1985இல் மோபீல், வட்டார உறுப்பினர் எழுவரைக் கொண்ட சபைக்கு மாறியது.

ஒறிகன் மாநிலத்துப் போட்லன்ட் நகரோ 1913இல் ஏற்ற ஆணைக்குழுவை 2024 வரை பேணியது. அங்கும் நகரின் கிழக்குப் பகுதியிலிருந்து உறுப்பினர் தெரிவாவது அரிதாகவே இருந்தது. 2022இல் மக்கள் வாக்களித்து அதனைக் கைவிட்டனர். 2025 முதல் நான்கு வட்டாரங்களிலிருந்து வரும் 12 பேர் சபையில் அமர்கின்றனர். எனினும், வாக்குச்சீட்டிற் கட்சிப் பெயர் இன்றும் இல்லை.

இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். மக்கள் தள்ளியது கட்சியின்மையை அன்று. தம் தெருவுக்குக் குரலின்மையையே. கட்சியை விலக்கினால் மட்டும் நீதி பிறந்துவிடாது. சபையிலே எவர் அமர்ந்துள்ளார் என்று கேட்பதோடு, எவர் அமர இயலாதிருக்கின்றார் என்றும் கேட்பதே நல்ல குடிமக்களின் கடன்.