ஐதராவின் இனப்பெருக்கத்தில் வெப்பநிலையும் ஒட்டுண்ணிகளும்

ஐதரா (ஹைட்ரா) என்பது குளம், ஏரி, மெதுவாக ஓடும் ஓடை போன்ற நன்னீர் நிலைகளில் வாழும் சிறிய முதுகெலும்பிலி ஆகும். இது குழியுடலிகள் எனப்படும் நிடேரியாத் தொகுதியைச் சேர்ந்தது. உணவு, நீரின் வெப்பநிலை, ஒட்டுண்ணித் தொற்று ஆகியவற்றைப் பொறுத்து இதன் இனப்பெருக்கம் மாறுபடுகிறது. ஐதரா ஒலிகாக்டிசு என்னும் இனத்தில், நீர் குளிர்வது பாலினப்பெருக்கத்தைத் தூண்டுவதோடு அவ்வுயிரி முதுமையடைந்து இறப்பதற்கும் வழிவகுக்கிறது.

இனப்பெருக்க முறைகள்

உணவு மிகுந்திருக்கும்போது ஐதரா பெரும்பாலும் அரும்புதல் மூலம் பெருகுகிறது. உடற்சுவரில் சிறு புடைப்பாகத் தோன்றும் அரும்பு, வாயும் உணர்நீட்சிகளும் பெற்றுச் சில நாட்களில் தாயிடமிருந்து பிரிகிறது. இவ்வாறு தோன்றும் சேய் மரபியலில் தாயை ஒத்ததாகும். ஆபிரகாம் திரெம்பிளே நெதர்லாந்தில் ஐதராவை ஆராய்ந்து, அரும்புதலையும் இழந்த உறுப்புகளை மீண்டும் வளர்க்கும் திறனையும் 1744 இல் வெளியிட்ட நூலில் விவரித்தார்.

பாலினப்பெருக்கத்தில், நீரில் விடப்படும் விந்தணுக்கள் தாயின் உடலில் ஒட்டியிருக்கும் முட்டையைக் கருவுறச் செய்கின்றன. கருவைச் சுற்றி உறுதியான உறை உருவாகிறது. பின்னர் அது நீரின் அடியில் தங்கி, சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ பிறகு பொரிக்கிறது.

வெப்பநிலையின் தாக்கம்

ஆய்வகத்தில் ஏறத்தாழ 18 பாகை செல்சியசில் வளரும் ஐதரா ஒலிகாக்டிசு அரும்புகளை ஈனுகிறது. வெப்பநிலையை ஏறத்தாழ 8 முதல் 10 பாகைக்குக் குறைத்தால், சில வாரங்களில் விந்தகங்களோ முட்டைகளோ தோன்றுகின்றன. மிதவெப்ப மண்டல ஏரிகளில் இது இலையுதிர் காலத்திற்கு ஒப்பானது. உறையுடைய கருக்கள் குளிர்காலத்தைக் கடந்து வாழ வல்லவை.

எல்லா இனங்களுக்கும் இது பொருந்தாது. உடலுக்குள் பசும்பாசிகளைக் கொண்ட ஐதரா விரிடிசிமா வெப்பமான பருவத்தில் பாலினப்பெருக்கம் செய்கிறது. மேலும், ஐதரா ஒலிகாக்டிசு வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உருவாக்கும் திறன் குன்றியது என்பதை தாமசு போசு குழுவினர் 1988 இல் காட்டினர். ஆகவே திடீர் வெப்ப உயர்வை அது எளிதில் தாங்குவதில்லை.

பாலினப்பெருக்கமும் முதுமையும்

ஐதரா வல்காரிசை நான்கு ஆண்டுகள் கண்காணித்த டேனியல் மார்ட்டினெசு, அதில் முதுமையின் அறிகுறி இல்லை என 1998 இல் அறிவித்தார். அதன் குருத்தணுக்கள் இடைவிடாது பிரிந்து உடலைப் புதுப்பிக்கின்றன.

குளிரூட்டப்பட்ட ஐதரா ஒலிகாக்டிசில் நிலை வேறு. அதன் இடையீட்டுக் குருத்தணுக்கள் பெருமளவில் பாலணுக்களாக மாறுகின்றன. இதே குருத்தணுக்களிலிருந்தே நரம்பணுக்களும் கொட்டும் அணுக்களும் உருவாவதால், அவற்றின் எண்ணிக்கை குறைகிறது. இரை பிடிக்கும் ஆற்றலும் உறுப்புகளை மீட்கும் திறனும் குன்றி, பெரும்பாலானவை சில மாதங்களில் இறக்கின்றன. சில மட்டும் மீண்டு அரும்புதலுக்குத் திரும்புகின்றன.

ஒட்டுண்ணிகளின் தாக்கம்

ஐதராவைத் தாக்கும் ஒட்டுண்ணிகளுள் ஐதரமீபா ஐதராக்சினா என்னும் அமீபா குறிப்பிடத்தக்கது. இது ஐதராவின் உடலணுக்களை உண்கிறது. உணர்நீட்சிகள் சுருங்கி அழிவதால் ஐதரா இரை பிடிக்க இயலாமல் போகிறது. உணவின்றி அரும்புகளும் தோன்றுவதில்லை. கடுமையான தொற்றில் உயிரி இறந்துவிடும். அங்கிசுத்திரோபசு என்னும் சிறு ஓட்டுடலியும் ஐதராவின் திசுவை உண்டு வாழ்கிறது.

ஐதராவிற்கு எதிர்ப்புசக்தியும் உண்டு. தாய் தன் முட்டையில் சேர்க்கும் நுண்ணுயிர் எதிர்ப்புப் புரதக்கூறுகள், கருவில் குடியேறும் பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்துவதை செபாசுட்டியன் பிரௌனே குழுவினர் 2010 இல் கண்டறிந்தனர். ஐதராவுடன் வாழும் பாக்டீரியாக்கள் அதனைப் பூஞ்சைத் தொற்றிலிருந்து காப்பதும் 2015 இல் தெரியவந்தது.

இரு காரணிகளின் தொடர்பு

அரும்புதல் ஒரே மரபமைப்பைப் பெருக்குவதால், அதனைத் தாக்கப் பழகிய ஒட்டுண்ணி கூட்டம் முழுவதிலும் பரவ வாய்ப்புண்டு. பாலினப்பெருக்கம் புதிய மரபுச் சேர்க்கைகளை உருவாக்குகிறது. செவ்வரசிக் கருதுகோளின்படி, ஒட்டுண்ணிகளின் அழுத்தமே பாலினப்பெருக்கம் நிலைத்திருப்பதற்கான காரணங்களுள் ஒன்றாகும். எனினும் ஐதரா ஒலிகாக்டிசில் பாலினப்பெருக்கத்தைத் தொடக்குவது முதன்மையாகக் குளிரே. ஒரே குருத்தணுத் தொகுதியை உடலைப் பேணவும் பாலணுக்களை ஆக்கவும் பகிர வேண்டியிருப்பதால், நீண்ட வாழ்வும் குளிரைத் தாங்கும் சந்ததியும் அதற்கு ஒருசேர எளிதில் வாய்ப்பதில்லை.