ஆமைத் தொட்டி: அளவும் அமைப்பும்

ஆமைத் தொட்டி என்பது வீட்டில் வளர்க்கும் நீர்வாழ் ஆமை நீந்தவும், கரையேறி வெயில் காயவும் அமைக்கப்படும் கண்ணாடி அல்லது சிமெண்ட் தொட்டி. வண்ணமீன் கடைகளில் பரவலாக விற்கப்படுவது சிவப்புக் காது ஆமை. இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. கடையில் சுமார் 3 செ.மீ. நீளமே இருக்கும் குஞ்சு, ஆணாக இருந்தால் 20 செ.மீ. வரையிலும், பெண்ணாக இருந்தால் 25 முதல் 30 செ.மீ. வரையிலும் வளரக்கூடியது, 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். எனவே தொட்டியின் அளவை முடிவு செய்ய வேண்டியது வளர்ந்த ஆமையை வைத்துத்தான்.

வளர்க்கக் கூடாதவை

தமிழகச் சமவெளியின் ஏரி குளங்களில் வாழும் பாலாமையும், புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சேலம் மாவட்டத்தின் ஓமலூர்ப் பகுதியில் வயலிலோ கிணற்றிலோ இவை சிக்கினால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

அளவுக் கணக்கு

ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்போர் பின்பற்றும் பொதுவிதி. குறைந்தபட்சம், தொட்டியின் நீளம் ஓட்டைப்போல் 4 முதல் 5 மடங்கும், அகலம் 2 மடங்கும், நீரின் ஆழம் ஒன்றரை முதல் 2 மடங்கும் இருக்க வேண்டும். ஆமை ஏறி வெளியேறாதபடி நீர்மட்டத்துக்கு மேல் அரை அடி விட வேண்டும்.

ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று கொண்டால்:

- 3 அங்குலம் வரையுள்ள குஞ்சு: 3 × 1½ × 1½ அடித் தொட்டி, ஓரடி நீர், சுமார் 127 லிட்டர்.
- 8 அங்குல ஆண்: 4 × 2 × 2 அடி, ஒன்றரை அடி நீர், சுமார் 340 லிட்டர்.
- 10 அங்குலப் பெண்: 5 × 2 × 2 அடி, ஒன்றரை அடி நீர், சுமார் 425 லிட்டர்.

இன்னோர் ஆமை சேர்ந்தால் குறைந்தது பாதி அளவு கூட்ட வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால், கடைசித் தொட்டியில் தண்ணீரின் எடை மட்டுமே 425 கிலோ. அதை மேசைமேல் வைக்க முடியாது. உறுதியான இரும்புச் சட்டம் வேண்டும்.

தொட்டிக்கு ஏற்றபடிதான் ஆமை வளரும் என்பது தவறான நம்பிக்கை. சிறு தொட்டியில் கழிவு சேர்ந்து அம்மோனியா கூடுகிறது. ஓடு அழுகுகிறது, கண் வீங்குகிறது. தொட்டிக் கொள்ளளவைப்போல் 2 முதல் 3 மடங்குக்கான வடிகட்டி வைப்பது அவசியம்.

சிமெண்ட் தொட்டி

முற்றமோ மொட்டை மாடியோ உள்ள வீட்டுக்குச் சிமெண்ட் தொட்டியே ஏற்றது. புதுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும். சில வாரங்கள் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றி இறைத்த பிறகே ஆமையை விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒருநாள் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம்.

சேலம் சமவெளியின் சித்திரை வெயிலில் ஆழமில்லாத தொட்டி விரைவில் கொதிக்கும். நீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. ஆகவே பாதித் தொட்டி எப்போதும் நிழலில் இருக்க வேண்டும். மறுபாதியில் கல்லோ பலகையோ வைத்து, முழு உடலும் உலரும்படி திட்டு அமைக்க வேண்டும். நேர் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் ஓடும் எலும்பும் உறுதிப்பட உதவுகிறது. சன்னல் கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பதால், வீட்டுக்குள் வைக்கும் தொட்டிக்குத் தனி விளக்கு தேவை. காகம், பூனை, கீரி புகாதபடி மேலே கம்பிவலை போட வேண்டும். இறைக்கும் தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் விடலாம்.

உடல்நலமும் சூழலும்

ஆமையின் உடலில் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும். குழந்தைகளுக்குத் தொற்று பரவியதால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. ஆமையைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிப் பொருள்களைச் சமையலறையில் கழுவக் கூடாது.

உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் சிவப்புக் காது ஆமையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதன் இறக்குமதியை நிறுத்தியது. கேரள நீர்நிலைகளிலும் இது கண்டெடுக்கப்பட்டுள்ளது. தொட்டி போதாமல் போனவர்கள் கொண்டுபோய் விடுவதே இது பரவ முக்கியக் காரணம். சரபங்கா ஆற்றிலோ ஊர் ஏரியிலோ விட்டால், நம் ஆமைகளின் இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் அது போட்டியாகும். 400 லிட்டர் தொட்டிக்கு இடமும், இருபது ஆண்டுப் பராமரிப்புக்கு மனமும் இல்லாதவர்கள் இந்த ஆமையை வாங்காமல் இருப்பதே நல்லது.