ஒரு சத முத்திரையும் மீதிக் கால் பங்கும்



நான் தாதியாகப் பயின்றது கனடாவில் அல்ல. இங்கே வேலைக்கு வந்த புதிதில், ஒரு பிள்ளையின் சக்கர நாற்காலிக்காக அயலவர்கள் பணம் சேர்ப்பதைக் கண்டு வியந்தேன். மருத்துவத்தை அரசாங்கமே பார்க்கும் நாட்டில் உண்டியல் எதற்கு என்று நினைத்தேன். அதற்கான விடை இந்த வரலாற்றில் இருக்கிறது.

1907இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், எலிரியா என்ற ஊரில் ஒரு ட்ராம் விபத்து நடந்தது. போதிய மருத்துவ வசதி இல்லாமல் பலர் இறந்தார்கள். அவர்களில் எட்கர் அலன் என்ற வியாபாரியின் மகனும் ஒருவன். அலன் தன் வியாபாரத்தை விற்றுவிட்டு, ஊராரிடம் பணம் திரட்டி வைத்தியசாலை கட்ட முன்னின்றார். நடக்க முடியாத பிள்ளைகள் பல வீடுகளில் மறைத்து வைக்கப்பட்டிருப்பதை அதன்பின் அவர் அறிந்தார். ரோட்டரி கழகத்தாரின் துணையோடு 1919இல் அவர்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகள் அவரை 'டாடி' என்றே அழைத்தார்கள்.

1934இல் அந்தச் சங்கம் ஈஸ்டர் காலத்தில் சிறு முத்திரைகளை விற்றது. விலை ஒரு சதம். வாங்கியவர்கள் கடித உறைகளில் ஒட்டி அனுப்பினார்கள். பெரும் பொருளாதார மந்தக் காலத்திலும் ஏழைகள்கூடக் கொடுக்கக்கூடிய தொகை அது. 'ஈஸ்டர் சீல்ஸ்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

நமது ஒன்ராறியோவில் ரோட்டரி கழகத்தார் 1922இலேயே இத்தகைய சங்கத்தை அமைத்துவிட்டார்கள். அப்போது அரச மருத்துவக் காப்புறுதி கிடையாது. 1937இல் போலியோ கடுமையாகப் பரவியபோது பல குடும்பங்கள் தவித்தன. அந்தச் சங்கமே இன்றைய ஈஸ்டர் சீல்ஸ் ஒன்ராறியோ.

நமக்கு இன்னும் அருகிலும் ஒரு சாட்சி உண்டு. வோபர்னிலிருந்து மார்க்கம் வீதியால் தெற்கே இறங்கி, கிங்ஸ்டன் வீதியில் மேற்கே போனால், டான்ஃபோர்த் அவெனியூவில் வெரைட்டி வில்லேஜ் இருக்கிறது. 1940களின் இறுதியில், உடற்குறைபாடுள்ள இளைஞருக்குத் தொழில் பழக்கும் இடமாக அது தொடங்கியது. 1981இல் விளையாட்டு மையமானது. 1988 கோடையில் விக்கி கீத் என்ற பெண் ஐந்து பேரேரிகளையும் நீந்திக் கடந்து, அந்த மையத்துக்காக ஐந்து லட்சம் டொலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்.

சரி, இன்று உண்டியல் எதற்கு? ஒன்ராறியோ அரசின் உதவிச் சாதனத் திட்டம் சக்கர நாற்காலி போன்றவற்றுக்குப் பொதுவாக 75 வீதம் கொடுக்கிறது. நாற்காலி 8,000 டொலர் என்று வைத்துக்கொண்டால், மீதி 2,000 குடும்பத்தின் தலையில். வாசலில் சாய்தளம் போடுவதும் குளியலறையை மாற்றுவதும் அந்தத் திட்டத்தில் வராது. அந்தக் கால் பங்கைத்தான் இன்றும் சமூகம் சுமக்கிறது. 19 வயதுக்குட்பட்ட, உடற்குறைபாடுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு ஈஸ்டர் சீல்ஸ் ஒன்ராறியோ சாதனச் செலவில் கைகொடுக்கிறது.

இதை ஏன் நமது மலரில் எழுதுகிறேன்? ஒரு தமிழ்த் தாய்க்கு இந்த உதவிகளைப் பற்றி நான் விளக்கினேன். அவர் குரலைத் தாழ்த்தி, "மிஸ்ஸி, எங்கட ஆக்களுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். விண்ணப்பப் படிவத்தை எடுக்காமலே போய்விட்டார். அவர் பிள்ளைக்கு நாற்காலி ஏற்கெனவே சிறிதாகியிருந்தது.

கொடுப்பதில் நாம் பின்நிற்பதில்லை. ரோல்ஸ் விற்றும், நடைபவனி வைத்தும் ஊருக்கு எவ்வளவோ அனுப்பியிருக்கிறோம். கேட்பதற்குத்தான் கூச்சப்படுகிறோம். அந்தக் கூச்சத்தின் விலையைப் பிள்ளை கொடுக்கிறது.

எட்கர் அலன் தன் இழப்பை மறைக்கவில்லை. அதை ஊரறியச் சொன்னதால்தான் ஊர் கூடியது. ஆகவே அன்பானவர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கேளுங்கள். அது பிச்சை அல்ல. யாரோ ஒரு சதம் ஒரு சதமாக உங்களுக்காகவும் சேர்த்து வைத்தது. இல்லாவிட்டால், ஆராதனை முடிந்ததும் பின் வரிசையில் இருந்து அவசரமாக வெளியேறும் அந்தத் தாயிடம் போய், பிள்ளையின் பெயரைக் கேளுங்கள்.