கடல் கடக்கும் ஆசிரியர்க்கு வழிப்பொருள்



பிறநாட்டுப் பள்ளியினின்று நம் பிள்ளையொருவனுக்கு ஆசிரியப் பணிக்கு அழைப்பு வருமாயின், மகிழ்ச்சியோடு கவலையும் உடன் வருகின்றது. கடவுச்சீட்டு, சான்றிதழ்களுக்கு மேலொப்பம், விமானக் கட்டணம், முதற் சம்பளம் கைக்கு எட்டுமளவும் உண்ணவும் உறையவும் ஆகுஞ் செலவு ஆகிய யாவும் ஊதியத்திற்கு முன்னரே வேண்டப்படுகின்றன. இதன்பொருட்டு மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போகின்றது. அன்றேல் வட்டிக்கடன் தலைமேல் ஏறுகின்றது. இத்தகையார்க்குச் செய்யும் பொருளுதவி எவ்வாறு அமைதல் வேண்டுமென்பதை முன்னாளைய சரித்திரமே நமக்குக் காட்டும்.

ஒரு காலத்தில் மதுரைக்கே ஆசிரியர் கடல் கடந்து வந்தனர் என்பது பலர்க்கு வியப்பாகலாம். 1834-ல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சார்ந்த ஹொய்சிங்டன், டாட் என்னும் இருவர், யாழ்ப்பாணத் தமிழர் மூவரைத் துணைக்கொண்டு மதுரையை அடைந்து கல்விப்பணி தொடங்கினர். அதற்கு வேண்டிய பணம் அமெரிக்காவினின்று வந்தது. 1837-ல் அந்நாட்டு வாணிகம் நிலைகுலையவே, செலவைச் சுருக்குமாறு கட்டளை பிறந்தது. யாழ்ப்பாணத்தில் மட்டும் ஏறத்தாழ 5,000 பிள்ளைகள் பள்ளியிழந்தனர். எங்கோ நேர்ந்த வாணிக நட்டத்தால் இங்கே சுவடி மூடப்பட்டது. தொலைவிலுள்ளார் கொடையை மட்டும் நம்பிய உதவி நிலையாது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, கடனாகிய உதவியின் தன்மையைக் காண்போம். நம் பக்கத்து ஏழை மக்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணியிடம் முன்பணம் பெற்றுச் சென்றனர். அவர்தம் கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டது. அக்கடனைப் புதிய தோட்டத்தார் கொடுத்துத் தீர்த்தாலன்றி ஒருவன் வேறிடம் பெயர்தல் அரிது. வழிச்செலவுக்கு வாங்கிய பணமே காலுக்கு விலங்காயிற்று! அம்முறை 1921-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மலேயாவிலோ 1907 முதல் தோட்ட முதலாளிகள் தத்தம் ஆட்கணக்கிற்கு ஏற்ப வரி செலுத்திப் பொது நிதியொன்றை நடத்தினர். தொழிலாளரின் கப்பற் கட்டணம் அதனின்று கொடுக்கப்பட்டது. அது அவர்மேற் கடனாக எழுதப்படவில்லை. 1938-ல் இந்திய அரசாங்கம் அவ்வகைக் குடியேற்றத்தை நிறுத்தியது. முதலாளிகள் தம் நலங் கருதியே அதனைச் செய்தனராயினும், பலர் சிறிது சிறிதாக ஈந்த பொதுப்பொருள் செல்வோனைக் கடன்படாமற் காக்கும் என்னும் உண்மை அதனால் விளங்கிற்று.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. வணிகத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் சிறுதொகை எடுத்துவைக்கும் மகமையை நம் முன்னோர் கண்டிலரோ? விருதுபட்டியில் 1889-ல் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது அவ்வழியிலன்றோ?

ஆதலின் நம் சங்கத்தார் கல்வி நிதியில் ஒரு பகுதியை ‘ஆசிரியர் வழிப்பொருள்’ என ஒதுக்குவாராக. அது பயணச் செலவோடு முதல் இரண்டு மாதச் செலவையும் ஏற்பதாகுக. வட்டி வேண்டா, சான்றிதழை ஈடாக வாங்கவும் வேண்டா. சென்றவர் காலூன்றிய பின், தாம் பெற்ற அளவைத் தவணையாக மீட்டளிப்பாராயின், அப்பொருளே அடுத்தவர்க்குத் துணையாகும். வேலை கிடையாது திரும்புவோரை நெருக்குதல் தகாது.

பள்ளி கட்டிய குலம், அப்பள்ளியிற் பயின்று ஆசிரியரானாரைக் கடன்காரர் வாயிலில் நிறுத்தலாகாது. வரும் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் இதனை ஆராய்ந்து முடிவு செய்வார்களாக.