1942 ஏப்ரல்: வீழ்ந்த விமானக் குழுக்களும் நினைவின் ஏற்றத்தாழ்வும்

ஆய்வுச் சுருக்கம்

1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை இந்தியப் பெருங்கடலில் நிகழ்த்திய தாக்குதலின்போது வீழ்ந்த விமானக் குழுக்கள் பிற்கால நினைவில் எவ்வாறு இடம்பெற்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கொக்கல தளத்தின் கேட்டலினா விமானக் குழு, கொழும்பிலிருந்து சென்ற பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானக் குழுக்கள், திருகோணமலை எண்ணெய்த் தொட்டியோடு இணைத்துப் பேசப்படும் ஜப்பானியக் குழு ஆகிய மூன்றும் ஒப்பிடப்படுகின்றன. ஒரு குழுவின் நினைவு நிலைபெறுவதை அதன் செயலைக் காட்டிலும், உயிர் பிழைத்த சாட்சியும் கண்ணால் காணத்தக்க இடமுமே தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: இரண்டாம் உலகப் போர், இலங்கை, பிளென்ஹைம், திருகோணமலை, சென்னை வெளியேற்றம், புழல் ஏரி, சோழவரம்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில், செங்குன்றத்தை ஒட்டிய புழல் ஏரி இன்று சென்னையின் குடிநீர் ஆதாரமாக மட்டுமே அறியப்படுகிறது. 1942 ஜூலை முதல் அது பிரித்தானிய வான்படையின் நீர்விமானத் தளமாகவும் விளங்கியது. அதற்கு வடக்கே, கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் பெருவழியில் உள்ள சோழவரத்திலும் போர்க்காலத்தில் விமான ஓடுதளம் அமைந்தது. போருக்குப் பின் அந்த ஓடுதளம் மோட்டார் பந்தயங்களால் புகழ்பெற்றது. அதன் முதற்பயன் பொதுநினைவிலிருந்து பெரும்பாலும் மறைந்தது.

இத்தளங்கள் போர்த்தேவை பெற்றதன் பின்னணியைச் சென்னையில் மட்டும் தேடினால் போதாது. 1942 ஏப்ரல் முதல் பத்து நாட்களில் வங்கக்கடலிலும் இலங்கையைச் சூழ்ந்த கடலிலும் நிகழ்ந்தவற்றையும் சேர்த்தே நோக்க வேண்டும். தமிழ்நாட்டு வரலாற்றெழுத்தில் அந்நாட்கள் ‘சென்னை வெளியேற்றம்’ என்ற தலைப்பில் இடம்பெறுகின்றன. அந்த அச்சத்துக்குக் காரணமான கடற்படையை எதிர்கொண்டு மாண்டவர்கள் அவ்வெழுத்தில் அரிதாகவே தோன்றுகின்றனர்.

கேட்டலினா: சாட்சி எஞ்சிய இழப்பு

ஏப்ரல் 4 அன்று, கனடிய வான்படையின் 413-ஆம் அணியைச் சேர்ந்த கேட்டலினா நீர்விமானமொன்று கொக்கல ஏரியிலிருந்து சுற்றுக்காவலுக்குப் புறப்பட்டது. அதன் தலைவர் லெனார்டு பிர்ச்சல். அவ்வணி இலங்கைக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. மாலை நெருங்கிய வேளையில், தீவுக்குத் தெற்கே வெகு தொலைவில், அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பற்படையை அக்குழு கண்டது. வானொலிச் செய்தி முழுமையாக அனுப்பப்படும் முன்னரே ஜீரோ போர்விமானங்கள் தாக்கின. விமானம் கடலில் வீழ்ந்தது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவரை இசோகாசே என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் சிறைபிடித்தது. அவர்கள் போர் முடியும்வரை ஜப்பானில் கைதிகளாக இருந்தனர்.

1945-இல் விடுதலை பெற்ற பிர்ச்சல் நெடுங்காலம் வாழ்ந்து 2004-இல் மறைந்தார். ‘இலங்கையின் மீட்பர்’ என்ற பட்டம் அவருக்கு வழங்கலாயிற்று. இப்பட்டம் ஓரளவே பொருந்துவது. ஜப்பானியத் தாக்குதல் வரும் என்பதைச் சங்கேதச் செய்திகளின் வழியாகப் பிரித்தானியர் முன்பே அறிந்திருந்தனர். எச்சரிக்கை கிடைத்த பின்னரும், ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறு காலையில் இரத்மலானைத் தளத்தின் போர்விமானங்கள் தரையில் இருக்கும்போதே எதிரி விமானங்கள் கொழும்பை அடைந்துவிட்டன. அன்றே டோர்செட்சர், கார்ன்வால் ஆகிய போர்க்கப்பல்கள் மூழ்கின. எனினும் அக்குழுவின் செயல் மதிப்பற்றதாகிவிடாது. எதிரிப் படையின் இருப்பிடத்தைக் கண்டு அறிவித்தவர்கள் அவர்களே. இங்குக் கருதத்தக்கது, அச்செயலை எடுத்துரைக்க அறுவர் உயிரோடு திரும்பினர் என்பதாகும்.

பிளென்ஹைம்: சாட்சியும் இடமும் எஞ்சாத இழப்பு

ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அதே காலையில் பிரித்தானிய வான்படையின் 11-ஆம் அணியைச் சேர்ந்த பதினொரு பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைக்கப்பட்டிருந்த ஓடுதளத்திலிருந்து புறப்பட்டன. பொறிக்கோளாறால் இரண்டு திரும்பின. ஒன்பது விமானங்கள், காவலுக்குப் போர்விமானம் ஒன்றுமின்றிக் கிழக்கு நோக்கிச் சென்றன.

முற்பகல் பத்தரை மணியளவில் அவை நகுமோவின் படையை அடைந்தன. ஏறத்தாழ 11,000 அடி உயரத்திலிருந்து வீசிய குண்டுகள், தலைமைக் கப்பலான அகாகியின் அருகே நீரில் வெடித்தன. குண்டு விழும்வரை அக்கப்பலில் இருந்தோர் விமானங்களைக் கவனிக்கவில்லை. ஆயினும் ஒரு குண்டும் இலக்கைத் தொடவில்லை. பின்னர் ஜீரோ விமானங்கள் சூழ்ந்துகொண்டு நான்கு பிளென்ஹைம்களை வீழ்த்தின. தப்பியவை திரும்பும் வழியில், மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் கப்பலை மூழ்கடித்துவிட்டு மீண்டுகொண்டிருந்த ஜப்பானிய விமானங்களை எதிர்கொண்டன. அங்கு ஐந்தாவது விமானமும் வீழ்ந்தது. நான்கு மட்டுமே, சேதமுற்ற நிலையில், கரை சேர்ந்தன.

ஒரு பிளென்ஹைமில் விமானி, வழிகாட்டுநர், வானொலியாளரும் துப்பாக்கி வீரருமான ஒருவர் என மூவர் செல்வர். ஐந்து விமானங்களோடு ஐந்து குழுக்கள் முழுமையாக அழிந்தன. உடல்கள் கடலோடு போயின. கல்லறை இல்லாத வான்படையினரின் பெயர்களைத் தாங்கும் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சின்னமே அவர்களுக்குரிய இடம். 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதன் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. படைப்பிரிவு, பதவிநிலை என்னும் வரிசையில் அமைந்த அப்பட்டியல், ஒரே விமானத்தில் ஒன்றாக மாண்டவர்களை ஒன்றாகக் காட்டுவதில்லை. குழு என்ற அலகு அங்குக் கரைந்துவிடுகிறது.

உடல் கிடைத்தவர்களின் நிலை வேறு. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களின் இடுகாடுகளில் சிதறிக் கிடந்த போர்க்கல்லறைகளை ஒருங்குசேர்த்து, 1952-இல் சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க்கல்லறைத் தோட்டம் அமைக்கப்பட்டது. அங்குள்ள 850-க்கும் மேற்பட்ட கல்லறைகளில் வான்படையினருடையனவும் உண்டு. அங்கு ஆண்டுதோறும் மலர் வைக்க ஓர் இடம் இருக்கிறது. பிளென்ஹைம் குழுக்களுக்கு அத்தகைய இடம் இலங்கைக் கடற்கரையிலும் இல்லை, தமிழகத்திலும் இல்லை.

அக்குழுக்களின் தாக்குதல் பயனற்றது என்று ஒதுக்கப்படுவதும் மீளாய்வுக்குரியது. விமானந்தாங்கிக் கப்பலின் காவலை மீறி எதிரி விமானங்கள் கண்ணிற்படாமல் தலைக்கு மேலே வர இயலும் என்பதை அது வெளிப்படுத்தியது. ஜப்பானியர் அக்குறையைக் களையவில்லை. ஜூன் 4 அன்று மிட்வே போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அவ்வாறே மேலிருந்து பாய்ந்தன. அகாகி உட்பட நான்கு விமானந்தாங்கிகளை ஜப்பான் இழந்தது. ஏப்ரல் 9 நிகழ்வு மிட்வே வெற்றிக்குக் காரணம் என்று கூற இயலாது. அது கவனிக்கப்படாத ஒரு முன்னறிகுறி என்று கொள்ளலாம்.

தொட்டி எண் 91: இடம் எஞ்சிய இழப்பு

திருகோணமலை எண்ணெய்த் தொட்டித் தொகுதியில் 91-ஆம் எண் தொட்டியின் சிதைவு இன்றும் காணப்படுகிறது. ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானமொன்று அதன்மீது மோதியதாகவும், தீ ஏழு நாட்கள் எரிந்ததாகவும் உள்ளூர் வழக்கு கூறுகிறது. விமானி தன்னுயிரை ஈந்து திட்டமிட்டே மோதினார் என்பதும் அவ்வழக்கின் பகுதி. இங்குக் காலமுரண் உள்ளது. ஜப்பானியத் தற்கொலைத் தாக்குதல் படைகள் முறையாக அமைக்கப்பட்டது 1944 அக்டோபரில்தான். பிற்காலத்து நிகழ்வொன்றின் பொருள் முற்காலத்துச் சிதைவின்மீது ஏற்றப்பட்டிருக்கிறது. உருகி வளைந்த இரும்பு மோதலுக்குச் சான்றாகலாம். விமானியின் எண்ணத்துக்குச் சான்றாகாது.

ஆயினும் அவ்விடம் இருப்பதனாலேயே அக்குழுவின் கதை வாழ்கிறது. 2022 ஜனவரியில் எஞ்சிய 99 தொட்டிகளையும் இலங்கையும் இந்தியாவும் பகிர்ந்து மேம்படுத்த உடன்படிக்கை கையெழுத்தானது. அத்தொகுதி செய்தியாகும் காலங்களில் அழிந்த தொட்டியின் கதையும் மீண்டும் சொல்லப்படுகிறது. தாக்க வந்தவரின் மரணம் அடையாளச் சின்னம் பெற்றது. அதே காலையில் அவர்களின் கப்பல்களைத் தேடிச் சென்றவர்களின் மரணம் அதைப் பெறவில்லை.

சென்னை மாகாணத்தில் எதிரொலி

ஏப்ரல் 6 அன்று, அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. தரையிறக்கம் நிகழும் என்ற அச்சத்தில், ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியது. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு நீங்கினர். விலங்குக் காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ‘இவாக்குவேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லே அக்காலத் தமிழ்ப் பேச்சில் ஒரு காலக்குறிப்பாக வழங்கலாயிற்று. ஆனால் ஏப்ரல் 9 தாக்குதலுக்குப் பின் நகுமோவின் படை இந்தியப் பெருங்கடலை விட்டுத் திரும்பிவிட்டது. வராத படைக்கு அஞ்சி ஓடிய கதையாக அந்நிகழ்வு நினைவில் பதிந்து, நகைச்சுவைக்கும் உரியதாயிற்று.

அந்நகைச்சுவை ஒரு பிழையான எண்ணத்தைத் தோற்றுவித்தது: ஆபத்து வெறும் வதந்தி என்பது அது. கேட்டலினாவும் பிளென்ஹைம்களும் வீழ்ந்த கடல், சென்னையின் அச்சத்துக்கு மெய்யான அடிப்படை இருந்ததைக் காட்டுகிறது. சில திங்களில் புழல் ஏரியில் வந்திறங்கிய 240-ஆம் அணியின் கேட்டலினா விமானங்கள் அவ்வுண்மையின் தொடர்ச்சியாகும். வங்கக்கடலை நெடுநேரம் சுற்றிக் காவல் புரிந்து, எதிரியை முன்கூட்டியே காண்பது அவற்றின் முதன்மைப் பணிகளுள் ஒன்று. பிர்ச்சலின் குழு கொக்கலவிலிருந்து செய்ததும் அதுவே.

முடிவுரை

பிழைத்த சாட்சியால் கேட்டலினாக் குழுவும், எஞ்சிய சிதைவால் ஜப்பானியக் குழுவும் நினைவில் நின்றன. இரண்டும் வாய்க்காத ஐந்து பிளென்ஹைம் குழுக்கள் பெயர்ப்பட்டியலில் பிரிந்து நிற்கின்றன. அவர்களின் துணிவு மற்றவர்களுடையதினும் குறைந்ததன்று. சான்றுகள் எஞ்சிய விதமே வேறுபட்டது. ஆதலின், போர்க்கால வரலாற்றை எழுதுவோர் நினைவின் அளவைச் செயலின் அளவாகக் கொள்ளுதல் தகாது. சென்னை வெளியேற்றம், புழல், சோழவரம், திருகோணமலை, மட்டக்களப்புக் கடல் ஆகியவற்றை ஒரே நிகழ்வுத்தொடராக வாசிக்கும்போது, 1942 ஏப்ரல் 9 அன்று திரும்பாத பதினைவரும் தமிழ்நிலத்தின் போர்க்கால வரலாற்றில் தமக்குரிய இடத்தைப் பெறுவர்.