பல தெய்வமும் ஒரு கடவுளும்

பல தெய்வங்களை வணங்கிய மக்கள் ஒரே கடவுளை நோக்கி நடந்தமைக்குச் சான்றாகப் பண்டை யூதரையே அறிஞர் முதலில் சுட்டுவர். அவர்தம் வரலாற்றோடு தமிழர் சமய வரலாற்றை ஒப்புநோக்கின், நம் ஊர்க் கோயில்களின் பழமை புதியதோர் ஒளியில் புலப்படும்.

யூதரும் தொடக்கத்தில் ஒரு கடவுட் கொள்கையினர் அல்லர். சினாய்ப் பாலையில் குந்தில்லத் அச்ருத் என்னுமிடத்தில் 1975-76இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ கி.மு. 800ஐ ஒட்டிய எழுத்துகள், யாவே என்னும் கடவுளை அசேராவுடன் இணைத்து வாழ்த்துகின்றன. அசேரா என்பது கானானியப் பெண்தெய்வத்தின் பெயர். அத்தெய்வத்தின் வழிபாட்டுச் சின்னத்தையும் குறிக்கும். கி.மு. 622 அளவில் யோசியா மன்னன் ஊர்தோறும் இருந்த மேட்டுப் பலிபீடங்களை அழித்து, வழிபாட்டை எருசலேம் கோயில் ஒன்றற்கே உரியதாக்கினான் என விவிலியம் கூறும். கி.மு. 586இல் பாபிலோனியர் அக்கோயிலையும் இடித்தனர். நாடிழந்து, கோயிலிழந்து வாழ்ந்த அந்நாளில்தான், தம் கடவுளையன்றி வேறு கடவுளே இல்லை என்னும் கொள்கை ஏசாயா நூலின் பிற்பகுதியில் ஐயத்திற்கிடமின்றி முழங்கலாயிற்று.

தமிழகத்தின் போக்கு வேறு. தொல்காப்பியர் காட்டுக்கு மாயோனையும், மலைக்குச் சேயோனையும், வயலுக்கு வேந்தனையும், கடலுக்கு வருணனையும் உரிமையாக்கினார். அந்நால்வருள் சிவபெருமான் இல்லை. ஆயினும் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் பாடிய பதிகங்களில் அவரே முழுமுதற் கடவுள். பழந்தெய்வங்களோ அழிக்கப்படவில்லை, உறவினராயின. திருமுருகாற்றுப்படை முருகனை மலைமகளுக்கும் மகன், கொற்றவைக்கும் மகன் என்கிறது. யோசியா ஒரு கடவுளுக்கு ஒரே கோயில் என்றான். நாயன்மாரோ ஒரு கடவுளை ஊர்தோறும் கண்டனர். பாடல் பெற்ற தலங்கள் 276 என்பர். அவற்றுள் இரண்டு, திருக்கொடுங்குன்றமாகிய பிரான்மலையும் திருப்புத்தூரும், நம் சிங்கம்புணரிக்கு அண்மையில் உள்ளன. பாரியின் பறம்பெனப் போற்றப்படும் குன்றே சிவன் உறையும் தலமும் ஆயிற்று.

இவ்விணக்கத்தை மிகைப்படுத்தலும் ஆகாது. அதே பதிகங்கள் சமணரையும் பௌத்தரையும் கடிந்து ஒதுக்கின. உறவாக ஏற்கப்பட்ட தெய்வங்களுக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. சிங்கம்புணரியில் கோயில் கொண்டுள்ள சேவுகப்பெருமாள் அய்யனாரை எண்ணுக. அய்யனாரைச் சிவனுக்கும் திருமாலுக்கும் மைந்தர் என்கிறது புராணம். அவ்வுறவு அவருக்குப் பெருந்தெய்வ மரபில் இடம் தந்தது. அதற்கு முன் ஏரிக்கரையிலும் ஊரெல்லையிலும் காவல் நின்றவரைப் பற்றி மக்கள் வழங்கிய கதைகளையோ பின்னுக்குத் தள்ளியது.

யூதரின் பழந்தெய்வங்களை அறிய மண்ணை அகழ வேண்டியிருந்தது. நம் தெய்வங்கள் இன்றும் பூசை பெறுகின்றன. அவர்களின் கதைகள் முதியோர் நாவிலும் திருவிழாச் சடங்குகளிலும் எஞ்சியுள்ளன. அவற்றை ஊர்தோறும் கேட்டு எழுதிவைத்தல் இலக்கிய வட்டங்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே அது நடைபெறுதல் வேண்டும்.