ஹேண்டில் அடித்த காலமும் ரிமோட் காலமும்



2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். இருக்கிற காரைக் காப்பாற்றிக்கொள்ள நம் இளைஞர்கள் பஞ்சிகாவத்தையில் ஒரு அலாரம் செட் வாங்கி, யூடியூப் பார்த்துத் தாங்களே பொருத்துகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பல செட்டுகளில் ரிமோட் ஸ்டார்ட்டும் சேர்ந்தே வருகிறது. அதைப் பற்றிச் சொல்ல, கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

மொரிஸ் மைனரை ஹேண்டில் அடித்து ஸ்டார்ட் செய்ததை நம் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். முன்பக்கத் துளையில் ஹேண்டிலைச் செருகி மேல்நோக்கி இழுக்க வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்வார்கள். சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரலோ மணிக்கட்டோ முறியும். அதற்கும் முந்திய வேலை ஒன்று இருந்தது. கியர் லீவரை ஆட்டிப் பார்த்து நியூட்ரல்தானா என்று உறுதி செய்வது. கியரில் இருந்து எஞ்சின் பிடித்துக்கொண்டால், கார் ஏறுவது ஹேண்டில் அடிப்பவர் மேல்தான். அதனால் அதை யாரும் லேசில் மறக்கவில்லை.

கையை முறிக்கும் இந்த வேலைக்கு முடிவு கட்டியவர் சார்ல்ஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். அவர் முன்பு கடைகளின் பணப்பதிவு இயந்திரத்துக்கு ஒரு சிறு மின் மோட்டார் செய்தவர். அந்த மோட்டாருக்குப் பலம் நிறைய வேண்டும், ஆனால் கணநேரத்துக்கு மட்டும். காரை எழுப்பவும் அதுதானே தேவை? 1912 மொடல் கெடிலாக் கார் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டருடன் வந்தது. சாவியைத் திருப்பியே ஸ்டார்ட் செய்வதை 1949இல் கிறைஸ்லர் கொண்டுவந்தது.

காருக்கு முன்னால் நின்ற மனிதர் இப்படி சீட்டுக்குள் வந்துவிட்டார். நியூட்ரலை மறந்தாலும் கார் ஒரு துள்ளுத் துள்ளும், அவ்வளவுதான். கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

பிறகு திருட்டுப் பிரச்சினை. இரண்டு வயரைச் சேர்த்தால் ஓடுகிற காரை எந்தச் சாவி காப்பாற்றும்? ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. சாவிக்குள் இருக்கும் சிப்பைக் கார் அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். ரிமோட் ஸ்டார்ட்டுக்கோ சாவியே இல்லாமல் ஓட வேண்டும். தரமான பைபாஸ் பெட்டி, ரிமோட் அழுத்தும்போது மட்டும் சிப்பை வேலை செய்ய விடும். மலிவு வேலையில் ஸ்பெயார் சாவியின் சிப்பை ஸ்டியரிங் பூட்டுக்குப் பக்கத்தில் டேப் சுற்றி ஒளித்துவிடுவார்கள். திருடனைத் தடுக்க வாங்கிய செட், இம்மொபிலைசரையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

2004இல் ஜெனரல் மோட்டர்ஸ் தன் ஷெவ்ரோலே மாலிபு காருக்குக் கம்பனியிலிருந்தே ரிமோட் ஸ்டார்ட் கொடுத்தது. பனி கொட்டும் நாட்டில், வெளியே போகுமுன் காரைச் சூடாக்கத்தான் இந்த வசதி. அங்கே பெரும்பாலும் ஓட்டோ கியர். லீவர் பார்க்கில் இருந்தால்தான் இயங்கும். இங்கே நமக்குத் தேவை ஏசி குளிர மட்டும்!

நம் ஊரில் மெனுவல் கார்கள் இன்னும் நிறைய. ரத்தோட்டைப் பக்கம் போல் மேடான பாதைகளில் முதல் கியரில் போட்டு, டயருக்குக் கல் வைத்து நிறுத்துவதுதான் வழக்கம். வீட்டுக்குள்ளிருந்து பட்டனை அழுத்தினால், எஞ்சின் பிடிக்குமுன்பே ஸ்டார்ட்டர் மோட்டாரே காரை நகர்த்தும். கிளச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் கார்களில் கூட அந்த சுவிட்சின் வயரை ஒன்றாக முறுக்கிவிடுகிறார்கள். சீட்டில் யாருமில்லை. வாசலில் யாருடைய பிள்ளை நிற்கிறதோ.

அலாரம் மட்டும் என்றால் தாராளமாகப் பொருத்துங்கள். பெட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள், பியூஸைப் பெட்டரிக்கு அருகிலேயே போடுங்கள், மஞ்சள் நிற ஏர்பேக் வயர்களைத் தொடாதீர்கள், டெஸ்ட் லேம்ப்புக்குப் பதில் மல்டிமீட்டர் பாவியுங்கள்.

மெனுவல் காருக்கென்றே செய்த செட்டுகளில் ஒரு பாதுகாப்பு உண்டு. எஞ்சின் ஓடும்போதே நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சாவியை எடுத்து, இறங்கிக் கதவைச் சாத்த வேண்டும். பிறகுதான் எஞ்சின் தானாக நிற்கும். அதன்பின் ஒரு கதவு திறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் ரத்தாகிவிடும். ஹேண்டில் அடித்தவர் லீவரை ஆட்டிப் பார்த்த அதே சோதனைதான், வயரால் செய்யப்படுகிறது. ஆனால் இருபது வருடக் காரில் கதவு சுவிட்சுகள் துருப்பிடித்திருந்தால் அந்தச் சோதனை நடக்காது. அத்தனையும் சரியாக வேலை செய்தாலும், இரவு முழுக்க நம் மேட்டில் அந்தக் கார் கியர் இல்லாமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிற்கும்.